சர்க்கரை போடாத ஜூஸும் சர்க்கரைதான்

டீயில் சர்க்கரையை விட்டாச்சு, காலையில் சர்க்கரை போடாத ஆரஞ்சு ஜூஸ்தான், ஆனாலும் சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்து ரத்தச் சர்க்கரை 240 காட்டுதுன்னு எழுதியிருந்தீங்க. எனக்கு அந்த ஜூஸ் மேலதான் சந்தேகம். 250 மில்லி டம்ளரில் பழத்திலிருந்தே 20 கிராமுக்கு மேல் சர்க்கரை வந்துடும், அதாவது அஞ்சு டீஸ்பூன். வடிகட்டியில் தங்குற சக்கையோடு நார்ச்சத்தும் போயிடுறதால மடமடன்னு ரத்தத்தில் ஏறும். நானும் ஆறு மாசம் இப்படித்தான் ஏமாந்தேன்!

ஒரே ஒரு பழத்தைச் சுளை சுளையா மென்று சாப்பிட்டு, அதே 2 மணி நேரத்தில் விரலில் குத்தி அளவு பாருங்க. மாத்திரையோ இன்சுலினோ எடுக்குறீங்கன்னா டாக்டரிடம் சொல்லிட்டு மாத்துங்க. ஜூஸை மொத்தமா ஒதுக்க வேண்டாம், ரத்தச் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினா அரை டம்ளர் அதுதான் கைகொடுக்கும். 15 நிமிஷம் கழிச்சு மறுபடி பார்க்கணும்.