எல்லா நோயாளிக்கும் ஒரே அறிவுரைத் தாள் போதாதா?

"நோய் ஒன்றுதானே, ஆளுக்கு ஆள் ஏன் மாற்றிச் சொல்ல வேண்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நோய் ஒன்றாக இருக்கலாம், அதோடு வாழும் நிலைமை ஒன்றல்ல. இன்சுலினையே எடுத்துக்கொள்ளுங்கள். திறக்காத குப்பியை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைக்க வேண்டும். "ஃப்ரிட்ஜில் வையுங்கள்" என்று தாளில் அச்சடித்துவிடலாம். வீட்டில் ஃப்ரிட்ஜே இல்லாதவர்? சொல்லக் கூச்சப்பட்டுத் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். "மருந்தை எங்கே வைப்பீர்கள்?" என்று முதலிலேயே கேட்டிருந்தால், ஒரு சமயத்தில் ஒரு குப்பி மட்டும் வாங்குவது, வெயில் படாத குளிர்ந்த மூலையில் வைப்பது, திறந்த குப்பியைப் பெரும்பாலும் நான்கு வாரத்துக்குள் மாற்றுவது என்று அவருக்கு உதவுகிற பேச்சுக்குப் போயிருக்கலாம். ஃப்ரிட்ஜ் உள்ளவருக்கு வேறு எச்சரிக்கை: ஃப்ரீசரில் வைத்து உறைந்துபோனால் அந்த மருந்து வீண்.

இரவுப் பணி பார்ப்பவருக்கு "காலை உணவுக்கு முன்" என்பதே குழப்பம். சமையல் வேறொருவர் கையில் என்றால் உணவுக் கட்டுப்பாட்டை அவரிடமும் சொல்ல வேண்டும். இன்ஹேலரை வாயால் விளக்கிப் பயனில்லை. செய்து காட்டி, அவரையும் செய்யச் சொல்லிப் பார்க்க வேண்டும்.

அப்புறம், "புரிந்ததா?" என்ற கேள்வியை விட்டுவிடலாம். பெரும்பாலோர் ஆம் என்றுதான் சொல்வார்கள். "வீட்டில் கேட்டால் இதை எப்படிச் சொல்வீர்கள்?" என்று கேளுங்கள். நாம் சொன்னதில் எது போய்ச் சேரவில்லை என்பது உடனே தெரியும்.

இதற்கெல்லாம் நேரம் ஏது என்பது நியாயமான கவலைதான். ஒரு சந்திப்பில் இரண்டு மூன்று விஷயம் போதும், மீதியை அடுத்த முறை செவிலியர் சொல்லலாம்.