அம்மாவுக்கு ஒரு போன், ஒரு சிம்: முதலில் யன்னலைப் பாருங்கள்

கேள்வி கேட்டவர் கொழும்பில் வேலை செய்கிறார், அவரது அம்மா திருகோணமலையில் தனிய இருக்கிறார். பிள்ளைகளோடு கதைக்க வேண்டும், வட்ஸ்அப்பில் பேரப்பிள்ளையைப் பார்க்க வேண்டும், எப்போதாவது யூடியூப்பில் ஒரு தேவாரம். 40,000 ரூபாவுக்குள் எந்தப் போன், மாதம் எந்தப் பெக்கேஜ் என்பதுதான் கேள்வி.

இதே கேள்வியோடு நானும் அலைந்தவன். என் அம்மா இருப்பது திருகோணமலைப் பக்கம் சாம்பல்தீவில், கடலுக்குக் கிட்ட. முதல் தரம் பிழையாக வாங்கினேன், இரண்டாம் தரம்தான் சரிவந்தது. அந்தப் பிழையையே முதலில் சொல்கிறேன், உங்கள் காசாவது மிஞ்சட்டும்.

கொஞ்சமாகப் பாவிக்கிறவருக்குக் கொஞ்ச விலையில் ஒன்று காணும் என்று நினைத்து, டவுனில் ஒரு கடையில் இருந்ததிலேயே விலை குறைந்ததை எடுத்தேன். 2 ஜிபி ரேம் (ஆப்புகள் ஓடுகிற நினைவகம்), 32 ஜிபி ஸ்டோரேஜ் (படமும் ஆப்பும் சேர்கிற இடம்). சிம்மும் யோசிக்காமல் எடுத்ததுதான். நான் பாவிக்கிற கம்பனியே அம்மாவுக்கும் என்று முடித்துவிட்டேன். எனக்கு டவுனில் நன்றாக எடுக்கும் சிக்னல் அம்மாவின் வீட்டில் ஓரிடத்தில் மட்டும்தான் எடுத்தது: கடல் பக்க யன்னல். ஆகவே போன் அந்த யன்னல் கட்டையிலேயே குடியிருந்தது. அழைப்பு வந்தால் அம்மா குசினியில் இருந்து ஓடி வருவார், வருவதற்குள் மணி நின்றுவிடும். இரவும் பகலும் உப்புக்காற்று. ஏழாம் மாதம் சார்ஜ் ஏறவில்லை. டோர்ச் அடித்துப் பார்த்தால் சார்ஜர் குத்துகிற துளைக்குள் பச்சை பூத்திருந்தது. திருத்துகிற பெடியன் பார்த்துவிட்டு, "அண்ணா, இது கடல் தின்ட போன்" என்றான்.

அது பழுதாகுமுன்பே இன்னொரு கரைச்சலும் வந்திருந்தது. "தம்பி, போன் படம் எடுக்குதில்ல, என்னவோ இங்கிலீசில சொல்லுது" என்றார் அம்மா. ஸ்டோரேஜ் நிரம்பிவிட்டது. பெட்டியில் 32 என்று போட்டிருந்தாலும் ஆண்ட்ராய்டும் கம்பனிக்காரன் திணித்து வைத்த ஆப்புகளும் எடுத்ததுபோக மிச்சம் பாதிதான். அந்தப் பாதிக்குள் குடும்பக் குரூப் மூன்று, கோயில் குரூப் ஒன்று, விடிய ஐந்து மணிக்கே வந்து விழும் பூவும் பிள்ளையாரும் காலை வணக்கமும். கேலரியில் ஆறாயிரத்துக்கு மேல் படங்கள். அம்மா எடுத்தது நாற்பது இருக்கும், அதிலும் பாதி அவரது பெருவிரல்.

மெமரி கார்ட் போட்டால் சரிதானே என்று கேட்பீர்கள். நானும் போட்டேன். வட்ஸ்அப் தனக்கு வரும் படங்களைப் போனின் சொந்த இடத்தில்தான் சேர்க்கும், கார்டில் சேர்க்காது. கையால் மாற்றிக்கொண்டிருக்க வேண்டும். அம்மா மாற்றுவாரா?

எனவே இரண்டாம் தரம் ஒழுங்கைத் தலைகீழாக்கினேன். முதலில் சிக்னல், பிறகு போன், கடைசியில் பெக்கேஜ்.

சிக்னல் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். எங்கள் நாட்டில் இப்போது மூன்று கம்பனிகள்தான்: டயலொக் (077, 076, 074), மொபிட்டல் (071, 070), ஹட்ச் (078, 072). 075 எயார்டெல் 2024இல் டயலொக்கோடு சேர்ந்துவிட்டது. ஒவ்வொன்றிலும் ஒரு சிம் இருக்கிற ஆக்களைச் சாப்பிடக் கூப்பிட்டு, குசினி, படுக்கையறை, கிணற்றடி மூன்றிலும் நின்று கதைக்கச் சொன்னேன். திரையில் நாலு கோடு தெரிவதை நம்பாதீர்கள், கதைத்துப் பாருங்கள், ஒரு வீடியோ அழைப்பும் எடுத்துப் பாருங்கள். இங்கே இன்னொரு விசயம் உண்டு. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் மே தொடக்கம் செப்டம்பர் வரை வெள்ளைக்காரர் சீசன். பகலில் பறக்கிற இன்டர்நெட் இரவு ஏழெட்டு மணிக்குத் தவழும், ஏனென்றால் ஹோட்டல் முழுக்க அதே சிக்னல் கோபுரத்தில்தான் தொங்குகிறது. பிள்ளைகள் அம்மாவை எடுப்பதும் அந்த நேரத்தில்தான். ஆகவே பின்னேரம் கடந்து பாருங்கள். எங்கள் வீட்டில் வென்றது எது என்று சொல்லமாட்டேன், சொன்னால் அதையே வாங்குவீர்கள். உவர்மலையில் எடுப்பது பாலையூற்றில் எடுக்காமல் போகலாம், கிண்ணியா, மூதூர் என்றால் கதை வேறு.

இனிப் போன். குறைவாகப் பாவிக்கிறவர் போனை மாற்றுவதும் குறைவு. நாங்கள் மூன்று வருசத்தில் மாற்றுவோம், அம்மா அது உயிரை விடும் வரை வைத்திருப்பார். அதனால் கெமராவுக்கும் வேகத்துக்கும் கொடுக்கிற காசை ஸ்டோரேஜுக்கும் அப்டேட்டுக்கும் கொடுக்க வேண்டும். என் கணக்கு: 4 ஜிபி ரேம், 128 ஜிபி ஸ்டோரேஜ், 5,000 எம்ஏஎச் பட்டரி. இதற்குக் கீழே இறங்கவேண்டாம், மேலே ஏறவும் தேவையில்லை. 5ஜி, இரண்டாயிரம் ஆப்பு, கேம் எல்லாம் அம்மாவுக்கு என்னத்துக்கு?

கடையில் "எட்டு ஜிபி ரேம் அண்ணா" என்பார்கள். பெட்டியின் மூலையில் சிறிய எழுத்தில் 4+4 என்று இருக்கும். உண்மையான ரேம் நாலுதான், மற்ற நாலும் ஸ்டோரேஜில் இருந்து கடன் வாங்கியது. அதில் ஏமாறாதீர்கள்.

நான் கடைசியில் எடுத்தது சம்சுங் கேலக்சி ஏ06, 128 ஜிபி. பெரிய திரை, பக்கத்தில் கைரேகை வைக்கிற பொத்தான், நாலு வருசத்துக்குப் பாதுகாப்பு அப்டேட் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். காசு கொஞ்சம் கூட்டலாம் என்றால் அதே கம்பனியின் ஏ16க்கு ஆறு வருச அப்டேட் வாக்கு இருக்கிறது. அம்மா அறுபதைத் தாண்டியவர் என்றால் அந்தக் கூடுதல் காசுக்குப் பெறுமதி உண்டு. ரெட்மியிலும் இதே விலையில் நல்லது இருக்கிறது, பெயரைவிட மேலே சொன்ன இலக்கங்களைப் பாருங்கள். பெட்டிக்குள் சார்ஜர் இருக்கிறதா என்று காசு கொடுக்கமுதல் கேளுங்கள். என் பெட்டியில் கேபிள் மட்டும்தான் கிடந்தது.

கனடாவில் இருந்து மாமா கொண்டுவந்த பழைய போன் ஒன்று அலுமாரிக்குள் கிடக்குமே, அதைக் கொடுத்தால் என்ன? எங்கள் வீட்டிலும் ஒரு ஐபோன் 6 கிடந்தது, பளபளவென்று புதிதுபோல. 2025 மே மாதத்தோடு வட்ஸ்அப் அதில் வேலை செய்வதை நிறுத்திவிட்டது. ஆண்ட்ராய்டு 4.4உம் அதற்கு முந்தியதும் அதே வருசம் ஜனவரியிலேயே போய்விட்டன. பிறகு அது வெறும் மணிக்கூடு.

கடையில் செய்யவேண்டிய ஒன்று. 2024 ஜனவரியில் இருந்து போனுக்கும் 18 வீத வற் வந்தபிறகு, "வரி இல்லாத போன், பத்தாயிரம் குறைவு" என்று காதுக்குள் சொல்கிற ஆக்கள் கூடிவிட்டார்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவோ 2025 ஜனவரிக் கடைசியில் இருந்து பதியாத புதுப் போன்களுக்கு நெட்வேர்க் கிடைக்காது என்று அறிவித்தது. ஆகவே வாங்கப்போகிற போனில் *#06# அடித்தால் வரும் 15 இலக்கத்தைப் பாருங்கள், அதுதான் ஐஎம்இஐ, போனின் அடையாள இலக்கம். உங்கள் போனில் IMEI என்று ஆங்கில எழுத்தில் அடித்து, ஓர் இடைவெளி விட்டு, அந்த இலக்கத்தைப் போட்டு 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். பதிவில் இருக்கிறதா என்று பதில் வரும். அதற்குப் பிறகு காசை எடுங்கள். கடைக்காரர் முகத்தைச் சுளித்தால் அடுத்த கடைக்குப் போகலாம், டவுனில் போன் கடைக்கா பஞ்சம்? வொரன்டி கம்பனியுடையதா, கடையுடையதா என்பதையும் பில்லில் எழுதி வாங்குங்கள்.

பெக்கேஜுக்கு வருவோம். விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் இருக்கும் ஜிபியைப் பிரித்துப் பாருங்கள், அதில் ஒரு பெரிய பங்கு நைட் டேட்டாவாக இருக்கலாம். எங்கள் அம்மா ஒன்பது மணிக்குப் படுத்துவிடுவார். நள்ளிரவுக்குப் பிறகு கிடைக்கும் டேட்டா அவருக்கு ஏன்? எந்த நேரமும் பாவிக்கக்கூடிய டேட்டா எவ்வளவு என்பதை மட்டும் ஒப்பிடுங்கள். அம்மாவின் போன் செட்டிங்கில் போன மாதக் கணக்கைப் பார்த்தேன்: 3 ஜிபியைத் தொடவில்லை. அதில் பெரும்பங்கு என் தங்கச்சியோடு எடுக்கும் வீடியோ அழைப்பு.

வட்ஸ்அப்புக்கு மட்டுமான மலிவுப் பெக்கேஜ் இப்படியானவர்களுக்குப் பொருந்தும்போலத் தெரியும். ஆனால் குரூப்பில் ஒருவர் யூடியூப் லிங்க் போடுவார், அம்மா தொடுவார். அது வட்ஸ்அப் கணக்கில் வராது, சும்மா கிடக்கும் ரீலோட் காசைத் தின்னும். ஒரு தேவாரத்துக்கு 100 ரூபா போனது எங்கள் வீட்டில். அதனால் 30 நாள் செல்லுபடியாகும் சின்ன எனிடைம் டேட்டா ஒன்று, அதோடு அழைப்புக்குக் கொஞ்ச நிமிசம், இதுதான் என் தெரிவு. ஏழு நாள் பெக்கேஜ் மலிவாகத் தெரியும், மாதத்துக்கு நாலு தரம் நீங்கள் ஞாபகம் வைத்திருக்கவேண்டும். போஸ்ட்பெய்ட் வேண்டாம். மாதவாடகை, அதற்கு மேல் வரி, வீட்டுக்குப் பில். குறைவாகக் கதைக்கிறவருக்கு அது நட்டம்.

ரீலோடை நீங்களே கொழும்பில் இருந்து போடுங்கள், சம்பள நாளில். அம்மாவிடம் விட்டால் "இன்னும் கிடக்குதானே மகன்" என்று தள்ளிப்போடுவார். நீண்டகாலம் ரீலோட் போடாமல் விட்டால் நம்பரே போய்விடும், அவரது வங்கி எஸ்எம்எஸ்ஸும் அந்த நம்பருக்குத்தான் வரும்.

இரண்டு சிம் போடுகிற போன் என்றால் இரண்டாவது இடத்தில் வேறு கம்பனியின் சிம் ஒன்றைக் குறைந்த காசோடு போட்டுவையுங்கள். மாரியில், நவம்பர், டிசம்பரில், கரண்ட் போய்க் கோபுரத்தின் பட்டரியும் இறங்கினால் ஒன்று விழுந்தாலும் மற்றது நிற்கக்கூடும்.

போனைக் கையில் கொடுக்கமுதல் நீங்கள் இருந்து செய்யவேண்டியது அரை மணி நேர வேலை. வட்ஸ்அப் செட்டிங்கில் படம், வீடியோ தானாக இறங்குவதை நிறுத்துங்கள், அழைப்புக்குக் குறைந்த டேட்டா பாவிக்கும் தெரிவைப் போடுங்கள். பிளே ஸ்டோர் அப்டேட்டை வைஃபையில் மட்டும் என்று வையுங்கள், நீங்கள் லீவில் வரும்போது உங்கள் போனில் இருந்து ஹொட்ஸ்பொட் கொடுத்து ஏற்றலாம். எழுத்தைப் பெரிதாக்குங்கள். கீபோர்டில் தமிழ் (இலங்கை) என்பதைத் தெரிவுசெய்து மைக்கைக் காட்டிக் கொடுங்கள், அடிக்கவே தேவையில்லை, கதைத்தால் எழுதும். முதல் நாள் அம்மா அதில், "புட்டு அவிச்சனான், நீ சாப்பிட்டியா" என்று சொன்னார். எனக்கு வந்தது "பூட்டு அவிச்சனான்". சாவி எங்கே அம்மா என்று பதில் போட்டேன். அதற்குப் பிறகு அவர் வொய்ஸ் மெசேஜ்தான் அனுப்புகிறார்.

உங்கள் அம்மா டவுனுக்குள்ளா, வெளியிலா என்று நீங்கள் எழுதவில்லை. எந்த அறையில் சிக்னல் எடுக்கிறது என்று அவரிடம் கேட்டுவிட்டுப் பதிலில் போடுங்கள், அதைப் பார்த்து மிச்சத்தைச் சொல்கிறேன்.