கையெழுத்துப் போட மேலதிகாரி இல்லை

அன்புள்ள அண்ணா,

அம்பத்தூர் எஸ்டேட்டில் நான்கு வருடமாக ஒரு சின்ன ஸ்டார்ட்அப் நடத்துகிறேன். லேத், மில்லிங் மெஷின்களில் சென்சார் பொருத்தி, எது எவ்வளவு நேரம் ஓடாமல் நிற்கிறது என்று காட்டுகிறோம். மொத்தம் ஒன்பது பேர். பகுதிநேர எம்பிஏ படிக்க ஆசை. விண்ணப்பத்தில் மேலதிகாரியின் பரிந்துரைக் கடிதம் கேட்கிறார்கள். எனக்கு ஏது மேலதிகாரி? கம்பெனி சரியில்லை, அதனால்தான் படிக்கப் போகிறாள் என்று ஊழியர்கள் நினைத்துவிடுவார்களோ என்றும் பயமாக இருக்கிறது.

ந., அம்பத்தூர்

அன்புள்ள ந.,

தயங்காமல் விண்ணப்பியுங்கள். பரிந்துரைக் கடிதத்தை வாடிக்கையாளர் ஒருவரிடம் கேளுங்கள். ஒருமுறை சத்தம் போட்டுவிட்டு, அப்புறமும் ஆர்டர் கொடுத்தவராக இருந்தால் நல்லது. உங்கள் சென்சார் தப்புக் கணக்குக் காட்டிய அன்று எத்தனை மணிக்கு அவர் ஷெட்டில் போய் நின்றீர்கள் என்பது அவருக்குத்தான் தெரியும். அவர் கடிதத்தையும், சம்பளச் சீட்டுக்குப் பதில் வருமான வரிக் கணக்கையும் ஏற்பார்களா என்று சேர்க்கை அலுவலகத்தில் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

விண்ணப்பத்தோடு எழுதித் தரும் கட்டுரைதான் முக்கியம். நான் அட்டைப்பெட்டி யூனிட் நடத்தியபோது மாலைநேர வகுப்புக்கு விண்ணப்பித்தேன். விற்பனை இரட்டிப்பானதைப் பக்கம் பக்கமாக எழுதியிருந்தேன். நேர்காணலில் ஒரு பேராசிரியர், "வாங்குபவர் எத்தனை நாளில் பணம் தருகிறார்?" என்றார். 90 என்றேன். "காகிதக்காரருக்கு நீங்கள்?" 30 என்றேன். "நடுவில் 60 நாள் யார் பணத்தில் ஓடுகிறது?" என்று கேட்டார். பதில் வரவில்லை. இடமும் கிடைக்கவில்லை.

அன்று இரவு பேரேட்டை விரித்தேன். லாபம் எழுதியிருந்த அதே மாதத்தில்தான் சம்பளம் போட என் மனைவியின் வளையல் அடகுக்குப் போயிருந்தது. ஒவ்வொரு புது ஆர்டரும் அந்தப் பள்ளத்தை ஆழமாக்கியிருக்கிறது. சிறு நிறுவனங்களுக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் தரவேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. அடுத்த ஆர்டர் போய்விடுமே என்று நான் வாய் திறக்கவில்லை. மறுவருடம் இதைத்தான் எழுதினேன், இடம் கிடைத்தது. உங்களுக்கும் அப்படி ஒரு முடிச்சு இருக்கும், அதை எழுதுங்கள்.

ஐஐடி மெட்ராஸ் போன்ற இடங்களில் வேலை பார்ப்பவர்களுக்கு வார இறுதியில் வகுப்பு. உங்கள் எஸ்டேட்டில் சனிக்கிழமையும் மெஷின் ஓடும். மாதம் 7ஆம் தேதி டிடிஎஸ் (சம்பளம் போன்றவற்றில் பிடித்த வரி) கட்ட வேண்டும், 20ஆம் தேதி ஜிஎஸ்டி, உங்கள் பரீட்சைக்காக எதுவும் தள்ளிப்போகாது. இதையெல்லாம் பார்த்துக்கொள்ள ஒருவரை இப்போதே பழக்குங்கள். நேர்காணலிலும் கேட்பார்கள்.

ஊழியர்கள் விஷயம்: படிவம் அனுப்புவதற்கு முன்பே எட்டுப் பேரையும் உட்காரவைத்துச் சொல்லிவிடுங்கள். வெளியிலிருந்து கேள்விப்பட்டால்தான் சந்தேகம் வரும். அப்புறம், இரண்டு சனிக்கிழமை போனை அணைத்துவிட்டு வீட்டில் இருந்து பாருங்கள். திங்கள் காலை என்னென்ன தேங்கிக் கிடக்கிறது என்று எனக்கு எழுதுங்கள். கட்டுரை தயாரானதும் அனுப்புங்கள், படித்துச் சொல்கிறேன்.