பெய்ஜிங் மாரத்தான்: கேட்டீங்க, சொல்றேன்

பெய்ஜிங் மாரத்தானைப் பற்றி வந்த கேள்விகளுக்கு ஒரே மூச்சில் பதில் போடுகிறேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடத்தில் ஒருவருடையதை மட்டும் வைத்திருக்கிறேன்.

மெதுநடை: அக்கா, இது எப்போ ஆரம்பிச்சது? அந்தக் காலத்துல சீனாவுல மாரத்தான் ஓட ஆள் இருந்தாங்களா?

1981 செப்டம்பர் 27. அதற்கு இரண்டு வருடம் முன்னால், 1979இல்தான், சீனா மறுபடி ஒலிம்பிக் கமிட்டிக்குள் வந்திருந்தது. கதவைத் திறந்துவிட்டோம் என்று உலகத்துக்குக் காட்டவேண்டிய நேரம். ஆகவே முதல் சில வருடம் இதை ஊர்த் திருவிழாவாக நினைக்காதீர்கள். வெளிநாட்டிலிருந்து தேர்ந்த வீரர்களை அழைத்து, உள்ளூர் வீரர்களோடு ஓடவிட்ட காட்சிப் பந்தயம் அது. முதல் பட்டம் ஸ்வீடனின் ஷெல்-எரிக் ஸ்டாலுக்கு, 2:15:20 நேரத்தில் (2 மணி 15 நிமிடம் 20 நொடி). சாதாரண மக்கள் பெருவாரியாக உள்ளே வந்தது தொண்ணூறுகளின் கடைசியில்தான்.

பெண்களுக்கு 1989 வரை இடமே இல்லை. ஒலிம்பிக்கில் பெண்கள் மாரத்தான் 1984லேயே வந்துவிட்டது. அதற்குப் பிறகும் ஐந்து வருடம் இழுத்ததற்கு என்ன சாக்கு சொன்னாலும் எனக்கு ஏற்பில்லை.

கணக்குப்பிள்ளை: 1986 நேரம் ரொம்ப நாள் சாதனையா இருந்ததுன்னு படிச்சேன். அந்தக் காலத்து ஷூவைப் போட்டுக்கிட்டு எப்படி சாத்தியம்?

நல்ல கேள்வி. அந்த வருடம் இங்கே ஜெயித்த ஜப்பானின் தைசுகே கொதாமா ஓடியது 2:07:35. அப்போதைய உலகச் சாதனை போர்ச்சுகலின் கார்லோஸ் லோபெஸ் 1985இல் ராட்டர்டாமில் ஓடிய 2:07:12. வெறும் 23 நொடிதான் வித்தியாசம். இரண்டாவதாக வந்தவரும் ஜப்பான்காரரே, குனிமித்சு இதோ, 2:07:57. ஜப்பானில் கம்பெனிகளே சம்பளம் கொடுத்து ஓட்ட அணி வைத்திருந்த காலம் அது. அந்த அணிகளில் முதல் வரிசை ஆட்கள் பக்கத்து நாட்டுக்கு வந்து மோதினால் இப்படித்தான் நடக்கும். 1988இல் எத்தியோப்பியாவின் அபெபே மெகோனென் வந்து நொடி பிசகாமல் அதே 2:07:35 ஓடினார்! இரண்டாமிடம் வந்த தான்சானியாவின் ஜுமா இகாங்கா 2:07:40.

அதன்பிறகு 2013 வரை யாரும் நெருங்கி உடைக்கவில்லை. அந்த வருடம் எத்தியோப்பியாவின் ததெசே தோலா 2:07:16. 2019இல் கென்யாவின் மேத்யூ கிசோரியோ 2:07:06.

சாதனை இத்தனை நாள் நின்றதற்குப் பாதை மோசம் என்று சிலர் சொல்வார்கள். நான் ஒப்புக்கொள்ளமாட்டேன், பெய்ஜிங் பெரும்பாலும் தட்டைதான். 2007இல் ரென் லாங்யுன் இங்கே ஓடிய 2:08:15, 2023 வரை சீன ஆண்களின் தேசியச் சாதனையாக நின்றது. யாரை அழைக்கிறார்கள், எவ்வளவு பணம் கொடுக்கிறார்கள், அன்றைக்கு வானிலை எப்படி, இந்த மூன்றும்தான் நேரத்தைத் தீர்மானிக்கிறது. நல்ல ஆப்பிரிக்க வீரர்களை அதே பருவத்தில் பெர்லினும் சிகாகோவும் கொத்திக்கொண்டு போய்விடுகின்றன.

பனிமலர்: பெண்கள்ல யார் பெரிய ஆள்?

சீனாவின் சுன் யிங்ஜியே. 2003இல் இங்கே 2:19:39 ஓடி, ஜப்பானின் நவோகோ தகாஹாஷி வைத்திருந்த ஆசியச் சாதனையை முறியடித்தார். ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2005 அக்டோபர் 16 அன்று பெய்ஜிங்கில் மாரத்தான் ஜெயித்தார். மறுநாளே நான்ஜிங்கில் தேசிய விளையாட்டுப் போட்டியில் 10,000 மீட்டர் ஓடி இரண்டாமிடம்! அந்த இரண்டாவது ஓட்டத்தின் மாதிரியில் ஊக்கமருந்து சிக்கியது. இரண்டு வருடத் தடை. மருந்து விவகாரம் ஒருபக்கம் இருக்கட்டும், 42 கிலோமீட்டர் ஓடிய உடம்பை அடுத்த நாளே தடகளப் பாதையில் இறக்கிவிட்டவர்களைப் பற்றி யாரும் பேசவில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

ஆஸ்துமாக்காரன்: முகமூடி போட்டு ஓடின படமெல்லாம் உண்மையா அக்கா?

உண்மைதான். 2014 அக்டோபர் 19. அன்று காலை காற்றில் நுண்துகள் அளவு கன மீட்டருக்கு 300 மைக்ரோகிராமைத் தாண்டியிருந்தது. உலக சுகாதார நிறுவனம் அப்போது ஒருநாள் வரம்பாகச் சொன்னது 25. சுற்றியுள்ள ஹெபெய் மாகாணத்தின் தொழிற்சாலைப் புகை, காற்றே அசையாத நாள், இரண்டும் சேர்ந்துகொண்டது. தள்ளிவைக்கலாமே என்றால், வெளியூர், வெளிநாட்டு ஆட்கள் ஏற்கெனவே வந்து இறங்கிவிட்டார்கள் என்றார்கள் அமைப்பாளர்கள். அவர்கள் செய்த ஏற்பாடு என்ன தெரியுமா? வழிநெடுக 1.4 லட்சம் ஸ்பாஞ்சுத் துண்டு. முகத்தையும் கையையும் துடைத்துக்கொள்ள! நுரையீரலை எதால் துடைப்பது? சிலர் போருக்குப் போகிற மாதிரி வாயுக் கவசமே மாட்டிக்கொண்டு ஓடினார்கள். பலர் பாதியில் நின்றுவிட்டார்கள்.

அடுத்த வருடம் பந்தயத்தை செப்டம்பர் 20க்கு நகர்த்தினார்கள். 2019இல் இருந்து அக்டோபர் கடைசி, நவம்பர் முதல் வாரம் என்று போகிறது. பெய்ஜிங்கில் வீடுகளுக்கான பொதுச் சூடேற்றல் நவம்பர் 15இல் தொடங்கும், அதனால் காற்று மோசமாகலாம், அதற்கு முன்னால் முடித்துவிடுகிறார்கள். இப்போது காற்றும் பழையபடி இல்லை, நிறையவே தேறியிருக்கிறது. ஆனாலும் ஆஸ்துமா இருந்தால் டாக்டரைக் கேட்காமல் பெயர் கொடுக்காதீர்கள்.

வழிப்போக்கன்: பாதை எது?

தியானன்மென் சதுக்கத்தில் காலை ஏழரைக்குத் தொடக்கம். கிளம்புவதற்கு முன் கூட்டம் மொத்தமும் தேசியகீதம் பாடும். பிறகு சாங்ஆன் பெருவீதியில் மேற்கே போய், வடக்கே திரும்பி, ஒலிம்பிக் பூங்காவில் முடிவு. பத்துப் பன்னிரண்டு வருடம் முன்பு, தொடக்க இடத்துக்குப் பக்கத்துச் சிவப்பு மதிலில் வரிசையாக நின்று ஆண்கள் சிறுநீர் கழித்த படங்கள் வெளியாகி ஊரே சிரித்தது. கழிப்பறை போதாதது ஒரு காரணம். நம்மூர் மதில் பழக்கம் அங்கேயும் இருப்பது இன்னொரு காரணம்.

சந்தேகம் சாமி: ஆப்பிரிக்க வீரர்கள் வேணும்னே விட்டுக்கொடுத்தாங்களே, அது இதுதானே?

இல்லை. அது பெய்ஜிங் அரை மாரத்தான், 2024 ஏப்ரல் 14. தனிப் பந்தயம், இரண்டையும் குழப்பவேண்டாம். கடைசி மீட்டர்களில் இரண்டு கென்யர்களும் ஓர் எத்தியோப்பியரும் வேகம் குறைத்து, சீனாவின் ஹே ஜியேவை முன்னே போகச் சொல்லிக் கைகாட்டியது வீடியோவில் தெளிவாகப் பதிவானது. அவர் 1:03:44, மற்ற மூவரும் ஒரு நொடி பின்னால். விசாரணை நடந்து நால்வரின் முடிவும் ரத்தானது, பதக்கமும் பரிசுப் பணமும் திரும்ப வாங்கப்பட்டன. ஹே ஜியேவுக்குத் துணையாக ஓடி வேகம் வைத்துக்கொடுக்கத்தான் அமர்த்தப்பட்டேன் என்று கென்யர்களில் ஒருவர் பிபிசியிடம் சொன்னார். அப்படியானால் பந்தய எண்ணோடு போட்டியாளராக ஏன் நிறுத்தினார்கள்? இத்தனைக்கும் ஹே ஜியே சொந்தக் காலிலேயே ஜெயிக்கக்கூடியவர். அதற்கு முந்தைய மாதம்தான் சீனாவின் வூஷி நகரில் 2:06:57 ஓடி முழு மாரத்தானில் தேசியச் சாதனை படைத்திருந்தார்.

அதிகாலை: நான் பெயர் கொடுத்தா இடம் கிடைக்குமா?

2014இல் இருந்து குலுக்கல்தான். சீனாவில் மாரத்தான் பித்து பிடித்ததே அந்த வருடத்துக்குப் பிறகு. பந்தயம் நடத்த மேலிட அனுமதி வேண்டும் என்ற கெடுபிடியை அரசு தளர்த்தியதும், 2014இல் 51 ஆக இருந்த போட்டிகள் 2019இல் 1,828 ஆயின. இத்தனை இருந்தும் தலைநகரத்துப் பந்தயத்துக்கான மோகம் குறையவில்லை. 2024இல் 30,000 இடத்துக்கு 1.8 லட்சம் பேருக்கு மேல் விண்ணப்பம். ஆறில் ஒருவருக்குத்தான் சீட்டு. கிடைக்காவிட்டால் ஷாங்காயையும் ஷியாமெனையும் பாருங்கள். ஷியாமெனில் கடலோரமாக ஓடலாம், ஜனவரியில் வரும். எனக்குக் கேட்டால் அதுதான் அழகு. விசா வேலையை மட்டும் கடைசி வாரத்துக்கு வைக்காதீர்கள்.