போஸ்டர் ஒட்டும் முன் பேட்டன்ட்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: ராணிப்பேட்டையில் குரோமேட் கழிவு கொட்டிய மண்ணிலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தேன். அது நச்சு மிகுந்த குரோமியம்-6ஐ நச்சு குறைந்த குரோமியம்-3 ஆக மாற்றுகிறது. அடுத்த மாதம் கருத்தரங்கில் இந்த முடிவுகளைப் போஸ்டராக வைக்கிறேன். பேட்டன்ட் கிடைக்குமா?
- எம்.எஸ்சி. மாணவி, காட்பாடி

பதில்: பாக்டீரியாவுக்குக் கிடைக்காது. இயற்கையில் இருக்கும் உயிரைக் கண்டறிவது, காப்புரிமைச் சட்டம் 1970, பிரிவு 3(சி)யின்படி கண்டுபிடிப்பு ஆகாது. அதைக் கொண்டு கழிவுநீரைச் சுத்திகரிக்கும் முறை புதியதாகவும், துறை அறிந்தவர் எளிதில் ஊகிக்க முடியாததாகவும் இருந்தால் கேட்கலாம்.

போஸ்டரில் வெளியாகிவிட்டால் முறை புதியதல்ல என்றாகிவிடலாம். அதனால் போஸ்டருக்கு முன்பே ப்ரொவிஷனல் (முதற்கட்ட) விண்ணப்பம் போட்டுவிடுங்கள். அறிவியல் சங்கக் கூட்டத்தில் வாசித்த கட்டுரைக்குப் பிரிவு 31 பன்னிரண்டு மாத அவகாசம் தருகிறது என்பார்கள். அதை நம்பி இருக்காதீர்கள். ஐரோப்பாவில் அந்தச் சலுகை செல்லாது. இணையவழிக் கட்டணம் தனிநபருக்கு 1,600 ரூபாய். கல்வி நிறுவனமானால், கட்டணச் சலுகைக்கான படிவம் 28 இணைத்தால் அதே தொகை. கண்டுபிடிப்பை விளக்கும் முழு விவரக்குறிப்பை 12 மாதத்துக்குள் தராவிட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும்.

ப்ரொவிஷனல்தானே என்று இரண்டு பக்கத்தில் முடிக்க வேண்டாம். அதில் எழுதாததற்கு ப்ரொவிஷனல் போட்ட தேதியின் முன்னுரிமை கிடைக்காது. பிஎச், வெப்பநிலை, செல் அளவு, தொடக்கச் செறிவு, நேரம், பாக்டீரியா சேர்க்காத கண்ட்ரோல் (ஒப்பீட்டுச் சோதனை) எல்லாம் வேண்டும். அறிவியல் படித்த வழக்கறிஞர் முதலில் கேட்பது இதுதான்: குரோமியம்-6ஐ நிறத்தால் அளக்கும் டைஃபீனைல்கார்பசைடு சோதனையில் 540 நானோமீட்டரில் நிறம் குறைந்தது சரி, குரோமியம் எங்கே போனது? குரோமியம்-6 மாறாமலே செல் சுவரில் ஒட்டிக்கொண்டாலும் நிறம் குறையும். கரைசலிலும், அதிலிருந்து பிரித்த செல் படிவிலும் மொத்தக் குரோமியத்தைத் தனித்தனியே அளந்து, படிவில் இருப்பது எந்த வடிவம் என்றும் காட்டினால்தான் 'மாற்றுகிறது' என்ற க்ளெய்ம் (உரிமை கோரும் வாசகம்) நிற்கும்.

பாக்டீரியாவை விண்ணப்பத் தேதிக்குள் சண்டிகர் எம்.டி.சி.சி. போன்ற சர்வதேச வைப்பகத்தில் வைத்துவிடுங்கள். நம் நாட்டு மண்ணிலிருந்து எடுத்த பாக்டீரியா உயிரியல் வளம் என்பதால், பேட்டன்ட் வழங்கப்படும் முன் தேசிய பல்லுயிர் ஆணையத்தில் பதிவும் வேண்டும். பலருக்குக் கடைசிக் கட்டத்தில்தான் இது நினைவுக்கு வருகிறது.

கேள்வி: பி.எஸ்சி. பயோடெக் முடித்தவர் பேட்டன்ட் தொழிலுக்கு வர எல்.எல்.பி. கட்டாயமா?
- வாசகர், ஆம்பூர்

பதில்: பிறருக்காக பேட்டன்ட் விண்ணப்பம் தயாரித்துத் தாக்கல் செய்யும் பேட்டன்ட் ஏஜென்ட் ஆவதற்கு எல்.எல்.பி. தேவையில்லை. அறிவியல் பட்டம், 21 வயது, இந்தியக் குடியுரிமை இருந்தால் அதற்கான தேர்வு எழுதலாம். தேர்வில் தலா 100 மதிப்பெண்ணுக்கு இரண்டு தாள், 50க்கு நேர்முகம். ஒவ்வொரு தாளிலும் 50 சதவீதம், மொத்தத்தில் 60 சதவீதம் வேண்டும். நீதிமன்றத்தில் வாதாடத்தான் எல்.எல்.பி.யும் பார் கவுன்சில் பதிவும். இப்போதே, வழங்கப்பட்ட பேட்டன்ட்களை எடுத்து க்ளெய்ம்களை மறைத்துவிட்டு, விவரக்குறிப்பை மட்டும் படித்து முதல் க்ளெய்மை நீங்களே எழுதி ஒப்பிட்டுப் பழகுங்கள்.