குழுவில் யாரும் வருவதில்லை, தலைவர் பொறுப்பை விட்டுவிடவா? – பதில்

தம்பி, சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை பாடம் சொல்லித்தரப் பன்னிரண்டு பேர் பெயர் கொடுத்துவிட்டு மூன்று பேர்தான் வருகிறார்கள், மீதி வேலையெல்லாம் உங்கள் தலையில், விலகிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதே விலக வேண்டாம். "எல்லோரும் வாங்க" என்று குழுவில் செய்தி போடுவதை முதலில் நிறுத்துங்கள், அதைப் படிக்கிற ஒவ்வொருவரும் மற்றவர்கள் போவார்கள் என்றுதான் நினைப்பார்கள். ரிங்கல்மான் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் ஆட்களைக் கயிறு இழுக்கவைத்து அளந்து 1913இல் வெளியிட்டார்: ஆள் கூடக் கூட ஒவ்வொருவரும் போடும் பலம் குறைந்துகொண்டே போனது. அதனால் ஒவ்வொருவரையும் தனியாகப் பார்த்து, இந்த வாரம் இந்த இரண்டு பிள்ளைகளுக்குக் கணக்கு உன் பொறுப்பு, முடியாவிட்டால் வியாழக்கிழமைக்குள் சொல்லிவிடு என்று பேசுங்கள். நேரில் வர முடியாதவர்களுக்குப் பயிற்சித்தாள் தயாரிக்கிற வேலை கொடுக்கலாம், பெயருக்கு இருப்பவர்களை வருத்தமில்லாமல் விட்டுவிடுங்கள்.

அப்புறம், அவர்கள் செய்ததை நீங்கள் உட்கார்ந்து திருத்தி மறுபடி செய்யாதீர்கள், ஆர்வமாக வந்தவர்கள்கூட அதனால் ஒதுங்கிப்போவார்கள். நான்கு பேர் நிலையாக வந்தாலே போதும், பிள்ளைகள் எண்ணிக்கையை அதற்கேற்பக் குறையுங்கள். தேர்வு மாதத்தில் மட்டும் பொறுப்பை இன்னொருவரிடம் கொடுங்கள், கேட்கத் தயங்க வேண்டாம்.