குடிக்காதவருக்கும் கல்லீரல் புற்றுநோய் வருமா?
பாட்டிலையே தொடாத மாமாவுக்கு எப்படி வந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். வரும். நான் முதலில் சந்தேகிப்பது கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸை. பிறக்கும்போது தாயிடமிருந்தோ, பிறகு ரத்தம், ஊசி வழியாகவோ தொற்றிப் பல வருடம் சத்தமில்லாமல் இருக்கும். கல்லீரல் செல்லின் டிஎன்ஏவுக்குள்ளேயே இந்த வைரஸ் தன்னுடையதைச் செருகிவிடும். அதனால் சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறி இறுகிப்போவது) இல்லாமலும் புற்றுநோய் வரலாம். ஹெபடைடிஸ் சி பெரும்பாலும் சிரோசிஸ் வழியாகத்தான்; அதற்கு இப்போது மாத்திரையிலேயே குணம் உண்டு.

அப்புறம் அஃப்ளடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு. சென்னைப் புழுக்கத்தில் பூஞ்சை பிடித்த வேர்க்கடலையைத் தூக்கிப் போடுங்கள். வறுத்தாலும் அந்த நஞ்சு முழுதாகப் போகாது. பி தொற்றோடு சேர்ந்தால் ஆபத்து பல மடங்கு.

கீழாநெல்லியை நம்பி (நம் வீடுகளில் அதுதானே முதல் வைத்தியம்!) ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். மாமாவுக்கு பி இருந்தால் வீட்டில் எல்லோரும் பரிசோதித்து, தொற்று இல்லாதவர்கள் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள்.